ஐந்து விநாடி அபயம்

செங்கல்பட்டில், எடைக்கல்லுக்கும் அளவுகோலுக்கும் முத்திரை குத்துகிற அலுவலகத்தில் எட்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவன் அச்சுதன். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும், ஒரு மீட்டர் என்றால் ஒரு மீட்டர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு உலகத்தைப் பற்றிப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவனை 1999ஆம் வருடம் சித்திரை மாதம், அயற்பணியில், அண்மைத் தற்காப்பு ஆய்வு மையத்துக்கு அனுப்பினார்கள். 'தூரம் அளக்கத் தெரிந்த நேர்மையான ஊழியர் ஒருவர் தேவை' என்று மையம் எழுதிக் கேட்டிருந்தது. அந்தக் கடிதத்தில் 'நேர்மையான' என்ற சொல்லைச் சேர்த்தது யார் என்று பிற்பாடு மையத்தில் மூன்று முறை விசாரணை நடந்தது. ஆள் அகப்படவில்லை.

மையம் புதுப்பட்டினத்துக்கு வடக்கே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரிந்து, சவுக்குத் தோப்புக்குள் ஒரு கிலோமீட்டர் போனால் கடலை ஒட்டி ஒரு மதில் வரும். மதிலுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் கப்பலில் ஏறியவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் ஏழு பேர் விடுமுறைச் சலுகையில் குடும்பத்தோடு அந்தமான் போய் வந்தவர்கள்.

அச்சுதனும் அவன் மனைவி விஷாகாவும் புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு பிடித்தார்கள். விஷாகா கணக்கு டீச்சர். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் கல்பாக்கத்துப் பணியாளர் பஸ்கள் வரிசையாகத் தெற்கே போக, அச்சுதன் மட்டும் சைக்கிளை வடக்கே திருப்புவான்.

சேர்ந்த அன்று இயக்குநர் ராஜகோபாலன் அவனைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மேஜைமேல் ஓர் அடி நீளத்தில் பித்தளைப் பீரங்கி பொம்மை.

“மிஸ்டர் அச்சுதன், எதிரி நம்ம கப்பல் மேல ஏவுகணை விடறான். நம்ம விமானம் அதைத் தடுக்கல. நம்ம ஏவுகணையும் தடுக்கல. கடைசியில யார் மிச்சம்? நாமதான். வாசப்படியில நிக்கற காவல்காரன். நம்ம பீரங்கிக்குப் பேரு அபயம். ஆறு குழல். விநாடிக்கு எழுபத்தஞ்சு குண்டு. ஒரு கொசு உள்ள வர முடியாது.”

சொல்லிக்கொண்டே அவர் தன் கன்னத்தில் பளீரென்று ஓர் அடி அடித்துக்கொண்டார். கொசு தப்பிவிட்டது.

முதல் சோதனையை அச்சுதன் அடுத்த மாதமே பார்த்தான். கடற்கரையில் பீரங்கியை நிறுத்தி, ஆறு குழலுக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பத்தரைக்கு எல்லோருக்கும் கேசரியும் போண்டாவும் வந்தன. பதினொன்று ஐந்துக்கு இணை இயக்குநர் சுப்புராமன் தொலைபேசியை எடுத்து, ஏவுகணை விடுகிறவர்களிடம், “நாங்க தயார், அனுப்பலாம்” என்றார். அவர்கள், “எழுத்தில் வேண்டும்” என்றார்கள். எழுத்தில் போனது. பதினொன்றே முக்காலுக்கு, எட்டு மைல் தள்ளியும் கண்ணுக்குத் தெரிகிற ஆரஞ்சு வண்ணம் பூசிய ஒரு பயிற்சி ஏவுகணை வந்தது. வந்தது என்றால் பீரங்கியைப் பார்த்து அல்ல. பீரங்கிக்கு எண்ணூறு மீட்டர் முன்னால், இடமிருந்து வலமாக, திருவிழாவில் சாமி வீதியுலா போகிற மாதிரி கரையோரமாகப் போனது.

அபயம் உறுமியது. ஏவுகணையின் வால் பிய்ந்து தீப்பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்த பிறகும், எரிகிற முண்டமும் ஒரு இறக்கையும் போய்க்கொண்டேதான் இருந்தன. வெகுதூரம் தள்ளி, கடலில் விழுந்தன. அச்சுதன் அளவுக் கருவியில் கண்ணை வைத்துக் கடைசிவரை பார்த்தான். படிவத்தில் 'அடிபட்ட தூரம்' என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினான். துண்டு போன தூரத்துக்குக் கட்டம் இல்லை. அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டு, அவனே ஒரு கட்டம் உண்டாக்கி, 'அடிபட்ட பின் சென்றது: 640 மீட்டர்' என்று எழுதினான்.

சாயங்காலம் சுப்புராமன் கூப்பிட்டனுப்பினார்.

“இது என்ன புதுசா ஒரு கட்டம்?”

“துண்டு போன தூரம் சார்.”

“எந்தத் துண்டு?”

“ஏவுகணைத் துண்டு சார்.”

“ஏவுகணையைத்தான் அழிச்சாச்சே. அழிச்சதுக்கு அப்புறம் அது எப்படி ஏவுகணை ஆகும்? அது கழிவுப் பொருள். கழிவுப் பொருள் ஸ்டோர்ஸ் பொறுப்பு. நீங்க ஸ்டோர்ஸ்ல வேலை பார்க்கறீங்களா?”

“இல்லை சார்.”

“அப்ப உங்களுக்கு எதுக்கு அது எங்க போச்சுன்னு?”

அழிரப்பரை அவரே எடுத்துக் கொடுத்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அச்சுதன் நடந்ததை விஷாகாவிடம் சொன்னான். அவள் ரசத்தை ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க, ஏவுகணை கப்பலைப் பார்த்துத்தானே வரும்? பக்கத்துல போறதை எதுக்கு மெனக்கெட்டுச் சுடணும்? போகட்டும்னு விட்டுடலாமே.”

“அதை நான் கேக்க முடியாது விஷாகா.”

“சரி, நேரா வருதுன்னே வெச்சுக்குவோம். பீரங்கிக்கு எவ்வளவு தூரம் எட்டும்?”

“ஒன்றரை கிலோமீட்டர்.”

“ஏவுகணை வேகம்?”

“விநாடிக்கு முந்நூறு மீட்டர்.”

“அஞ்சு விநாடி. அதுல ஒரு விநாடி குறி சரிபண்ணவே போயிடும். நானூறு மீட்டர்ல அடிபட்டா, மிச்சம் ஒன்றரை விநாடியும் எரிஞ்சிக்கிட்டே நேரா கப்பல் மேலதானே வரும்? பிரேக்கா இருக்கு அதுக்கு? இன்னும் வேகமா போற ஏவுகணையெல்லாம் இருக்காமே. விநாடிக்கு எழுநூறு மீட்டர்னா, நான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீங்க ‘ஆங்’னு கேக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்.”

எட்டாம் வகுப்புக் கணக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற இடத்தில் இதை யாரும் போட்டுப் பார்க்காமலா இருப்பார்கள் என்று அச்சுதன் நினைத்தான். பார்த்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று முடிவாகாததால் அது ஆறு வருடமாக மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலாவது சோதனைக்கு மறுநாள் காலையில் மையத்தின் வாசலில் சத்தம். புதுப்பட்டினம் குப்பத்துச் சீனு, ஆளுயர ஆரஞ்சு இறக்கை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது, கறுத்துத் திரண்ட உடம்பு. காவலர்கள் தடுக்கத் தடுக்க உள்ளே வந்து, சுப்புராமன் அறையில் அதைத் தடாலென்று போட்டான்.

“இன்னா சார் இது? நேத்து நாங்க பாட்டுக்கு கடல்ல வலை இழுத்துகினு இருக்கோம். மேலேருந்து வந்து சொருவிகினு கீது. ஃபைபர் படகு சார், அடி வரைக்கும் ஓட்டை. இன்னும் ரெண்டு முழம் இப்பால வுழுந்திருந்தா என் தலை இல்ல.”

சுப்புராமன் பதறவில்லை. கோப்பைப் புரட்டினார். “நேத்து ஏவுகணை முழுசா அழிக்கப்பட்டதுன்னு கையெழுத்தாகியிருக்கு. அழிஞ்சுபோனது உங்க படகுல விழ முடியாதே.”

“வுழுந்து கீதே சார், பாரு!”

“இது எங்களோடதுன்னு என்ன ஆதாரம்?”

சீனு இறக்கையைத் திருப்பினான். மையத்தின் முத்திரையும் எண்ணும் முழங்கை நீளத்துக்கு அச்சாகியிருந்தன. சுப்புராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு முகம் மலர்ந்தார். காணாமல் போன அரசு உடைமையைக் கண்டெடுத்து நேரில் ஒப்படைத்ததற்காக, சீனுவுக்கு ஒரு நன்றிச் சான்றிதழ் அங்கேயே தட்டச்சாகி வந்தது.

சீனு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இத்த வெச்சி ஓட்டைய அடைக்கவா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சுதன் குப்பத்துக்குப் போனான். பிசினும் கண்ணாடி நாரும் குழைத்துச் சீனுவோடு உட்கார்ந்து ஓட்டையை அடைத்தான். இரண்டு ஞாயிறு ஆயிற்று. “இன்னா அண்ணாத்த, ஆபீசருங்க சொல்லி அனுப்பிச்சாங்களா?” என்று சீனு கேட்டான். “இல்லை, எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றான் அச்சுதன். அதற்கப்புறம் சீனு நல்ல மீன் விழுந்தால் ஒரு சேதி சொல்லி அனுப்புவான்.

இப்படியே இரண்டு வருடம். பதினேழு சோதனை, பதினேழு வெற்றி. பதினொன்றாவது சோதனையில் ஏவுகணை வராமலே போனது. எதிரி பின்வாங்கியதாகக் குறித்து அதையும் வெற்றியில் சேர்த்தார்கள்.

2001ஆம் வருடம் கடற்படையிலிருந்து கமாண்டர் ஹரிகிருஷ்ணன் வந்தார். அபயத்தை முதன்முதலாக ஒரு கப்பலில் பொருத்துவதற்கு முன் நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தவர். பதினேழு அறிக்கையையும் ஒரே இரவில் படித்துவிட்டார். மையத்தின் சரித்திரத்தில் அதை யாரும் செய்ததில்லை. மறுநாள் கூட்டத்தில், அளவுத் தாள்களோடு மூலையில் நின்றிருந்த அச்சுதன் உட்பட இருபது பேர் எதிரில், அவர் கேட்டார்:

“எல்லா சோதனையிலும் ஏவுகணை பக்கவாட்டுல போகுது. ஏன் நேரா வரலை?”

ராஜகோபாலன் புன்னகைத்தார். “நேரா வந்தா பீரங்கிக்கு ஆபத்து சார். விலை உயர்ந்த கருவி.”

“ஒரே நேரத்துல ரெண்டு ஏவுகணை வந்தா?”

“எங்க விதிப்படி ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு ஏவுகணைதான்,” என்றார் சுப்புராமன்.

“எதிரி ரெண்டு அனுப்புவானே.”

“அவன் ரெண்டு விண்ணப்பம் போட்டிருக்கணும்.”

கமாண்டர் அறிக்கைகளை மூடிவைத்தார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்: “சரி. ஒண்ணே ஒண்ணு. சாம்பல் நிறத்துல, நேரா. பீரங்கியை ஒரு பழைய மிதவையில ஏத்தி, கரையிலேருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நிறுத்துங்க. உங்களுக்குத்தான் இவ்வளவு நம்பிக்கை இருக்கே, நாம எல்லாரும் மிதவையில நின்னே பார்க்கலாம். நானும் வரேன்.”



ராஜகோபாலன் முதலில் தொண்டையைச் செருமினார். “நான் சந்தோஷமா வருவேன். ஆனா அபயத்தை உருவாக்கின மூளையும் அபயமும் ஒரே இடத்துல இருக்கக் கூடாதுங்கறது பாதுகாப்பு விதி.” சுப்புராமனுக்கு மூட்டு வலி. குறிபார்க்கும் ரேடாரை வடிவமைத்தவருக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாது. கடற்கரையில் இருபது வருடம் வேலை பார்த்தும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. குண்டு தயாரிக்கும் பிரிவின் தலைவர், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற சமயத்தில் தான் எதற்கும் போவதில்லை என்றார். கமாண்டரையும் விருந்தினர் என்பதால் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மற்ற பத்தொன்பது பேரின் கண்களும் மெல்ல மெல்ல மூலைக்குத் திரும்பின.

“அச்சுதன் இருக்காரே,” என்றார் ராஜகோபாலன், கோயிலில் பிரசாதம் நீட்டுகிற குரலில். “அயற்பணியில வந்தவர். பாரபட்சம் இல்லாத சாட்சி.”

அன்று வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் விஷாகா அடுப்பை அணைத்தாள். பிறகு, “உங்களுக்கு நீச்சல் தெரியாதே,” என்றாள்.

“மிதவைதானே. அசையாது.”

“நான் மிதவையைப் பத்திச் சொல்லல.”

“போகலைன்னா ஒழுங்கு நடவடிக்கைன்னு எழுத்துல கொடுத்துட்டாங்க விஷாகா. சுட ஆரம்பிச்சா எனக்கு அஞ்சு விநாடி இருக்கும்ல?”

“நாலுன்னு நினைச்சுக்குங்க,” என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோதனையன்று காலையில் அவனுக்கு முன்னால் அவளே குப்பத்துக்குப் போய்ச் சீனுவிடம் பேசிவிட்டு வந்திருந்தாள்.

மிதவைக்கு அவனைக் கொண்டுவிடுகிற வேலை சீனுவின் படகுக்கே போயிருந்தது. கொண்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. துருப்பிடித்த தளத்தில் நடுநாயகமாக அபயம்; பக்கத்தில், கம்பியோடு சேர்த்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அச்சுதனுக்கு ஒரு தலைக்கவசம், ஒரு வாக்கி-டாக்கி, 'கப்பலும் கப்பலில் உள்ளோரும் பாதுகாப்பாக இருந்ததை நேரில் கண்டேன்' என்று ஏற்கெனவே அச்சடித்து நாளும் நேரமும் போட்ட படிவம் ஒன்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

சீனு ஒரு நைலான் கயிற்றை எடுத்து அச்சுதன் இடுப்பில் சுற்றி, மறுமுனையைத் தன் படகில் கட்டினான்.

“இன்னாத்துக்கு சீனு இது?” அச்சுதனுக்கும் அந்த ஊர் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சரம்மா சொல்லிகீது. நாக்காலில குந்தாத. ஓரமா நில்லு. பீரங்கி சவுண்டு வுட்டுச்சுன்னா அதுக்கப்புறம் அங்க உனுக்கு வேலை இல்ல, குதி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“உன்னைத் தள்ளிப் போகச் சொல்லியிருக்காங்களே.”

சீனு வாக்கி-டாக்கியை வாங்கினான். “சார், எஞ்சின் ஸ்டார்ட் ஆவல சார். ஒரே பேஜாரு,” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று ஏழுக்கு ராஜகோபாலனின் குரல் வந்தது: “அச்சுதன், பயப்படாதீங்க. நாங்க எல்லாரும் உங்களோட இருக்கோம்.” அவர்கள் எல்லோரும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மணல் மூட்டைகளுக்குப் பின்னால், ஷாமியானா நிழலில் இருந்தார்கள்.

அச்சுதன் கண்ணை இடுக்கிக் கிழக்கே பார்த்தான். தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறம் என்பதன் பொருள் அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. பீரங்கி தானாகச் சடாரென்று தலையைத் திருப்பிற்று. ஆயிரம் தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். தளம் முழுக்க நடுங்கியது. ஒன்று, இரண்டு என்று அவன் மனம் தன்பாட்டுக்கு எண்ணியது. மூன்றுக்கு அப்புறம் எதிரே ஒரு நெருப்புப் பந்து வெடித்தது. “அழிச்சாச்சு!” என்று வாக்கி-டாக்கி கத்தியது. நெருப்புப் பந்துக்கு அது கேட்கவில்லை. வந்துகொண்டிருந்தது.

அவனே குதித்தானா, கயிறு இழுத்ததா என்று பின்னால் எத்தனை யோசித்தும் அச்சுதனுக்குப் பிடிபடவில்லை. மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர். தலைக்கு மேலே கடல் ஒரு கணம் செக்கச் சிவந்தது. யாரோ மயிரைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார்கள். இருமி இருமிக் கண்ணைத் திறந்தபோது மிதவையின் பாதி இல்லை. மீதிப் பாதி எரிந்துகொண்டிருந்தது. அபயத்தின் ஆறு குழலும் வெவ்வேறு திசையைக் காட்டிக்கொண்டு நின்றன. நாற்காலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கொதித்தது. கரையிலிருந்து காற்றில் ஒரு சத்தம் மிதந்து வந்தது.

“இன்னா அண்ணாத்த அது?” என்றான் சீனு, காதைத் தீட்டிக்கொண்டு.

“கை தட்டறாங்க,” என்றான் அச்சுதன்.

வெற்றி விழா அன்று மாலையே மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் அரங்கில் நடந்தது. அழைப்பிதழ் ஒரு மாதம் முன்பே அச்சடித்தது. ராஜகோபாலன் மேடையேறினார்.

“நண்பர்களே, ஏவுகணை அழிந்தது. மிதவையும் அழிந்ததே என்று சிலர் முணுமுணுக்கலாம். மிதவையை அழித்தது ஏவுகணை அல்ல. முன்னாள் ஏவுகணை! முன்னாள் ஏவுகணைகளிடமிருந்து கப்பலைக் காப்பாற்றுவதாக நாங்கள் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. இருபது வருடமாக நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நாங்கள் இலக்கைத் தவறவிடவே இல்லை. தவறக்கூடிய இலக்கை வைத்துக்கொண்டதே இல்லை! அபயம் காக்குமா என்றால், இதோ, மிதவையில் நின்றவர் உயிரோடு உங்கள் முன் இருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?”

அச்சுதனை மேடைக்கு இழுத்துச் சால்வை போர்த்தினார்கள். தலைமுடியில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. சுப்புராமன் ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டி, “நன்றின்னு சொன்னா போதும்,” என்று கிசுகிசுத்தார்.

முதல் வரிசையில் கமாண்டர் ஹரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அபயம் ஏறப்போகிற கப்பலின் மாலுமிகள் பத்துப் பன்னிரண்டு பேர். அச்சுதன் அவர்களைப் பார்த்தான். ஒரு கிலோ என்பது ஒரு கிலோ என்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

“நான் அதுல இல்லை சார். சுட ஆரம்பிச்சதும் கடல்ல குதிச்சிட்டேன். சீனுதான் தூக்கினார். நின்னிருந்தா செத்திருப்பேன்.”

சுப்புராமன் கையை ஆட்ட, நாதஸ்வரம் உச்சத்தில் கிளம்பியது. கமாண்டர் எழுந்து வந்து, அவ்வளவு பேர் எதிரிலும் அச்சுதன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே போனார். அபயம் வேண்டாம் என்று அவர் எழுதிய நான்கு பக்கக் குறிப்பு, எண்ணூற்றுப் பதினாறு பக்கக் கோப்பின் கடைசியில் சேர்க்கப்பட்டது. அவ்வளவு தூரம் யாரும் புரட்டவில்லை.

மறுநாள் அச்சுதனுக்கு, முன் அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுக் கடலுக்குள் சென்றதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. ஒன்றரை மாதம் கழித்து இன்னோர் ஆணை வந்தது. அவனுடைய மேடைப் பேச்சை மையம் வீணாக்கவில்லை. அபயத்தின் கையேட்டில் ஓர் இணைப்பு சேர்த்திருந்தார்கள்: 'பீரங்கி சுடத் தொடங்கியவுடன் கப்பலில் உள்ள அனைவரும் கடலில் குதிக்க வேண்டும். அனைவரும் இதில் பயிற்சி பெற்றதாகப் பயிற்றுநர் சான்றளித்த பின்னரே பீரங்கி கப்பலில் பொருத்தப்படும்.' ராஜகோபாலன் இதற்கு இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார். பயிற்றுநராக, இந்தத் துறையில் நாட்டிலேயே முன் அனுபவம் உள்ள ஒரே ஊழியரான அச்சுதனை நியமித்தார்கள். நீச்சல் பகுதிக்குச் சீனுவை அவன் உதவிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கப்பலின் ஆட்கள் நூற்றைம்பது பேர் தொகுதி தொகுதியாக வந்தார்கள். மையத்தின் படகுத்துறையிலிருந்து குதித்தார்கள். இரண்டாவது தொகுதியில் ஏகாம்பரம் என்று ஒருவர், மதுராந்தகத்துக்காரர், காதோரம் நரைத்தவர், இருபத்தோரு வருட சர்வீஸ். குதித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டே அச்சுதனிடம் வந்தார்.

“எல்லாம் சரி சார். நான் எஞ்சின் ரூம்ல இருக்கறவன். நாலு ஏணி ஏறி மேல வர நாப்பது செகண்டு ஆவும். பீரங்கி சுட ஆரம்பிச்சா எவ்ளோ நேரம் இருக்குது?”

“அஞ்சு விநாடி,” என்றான் அச்சுதன். “கீழ எத்தனை பேர் இருப்பீங்க?”

“முப்பத்தெட்டு பேரு.”

ஏகாம்பரம் கோபப்படவில்லை. பதில் எப்போது வரும் என்று கேட்கிறவர் மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அன்றே அச்சுதன் இயக்குநருக்கு எழுதினான். மூன்று வாரம் மூன்று பிரிவுகள் அதை ஆராய்ந்தன. பதில் வந்தது:

'எஞ்சின் அறையில் உள்ளோர் குதித்ததாகக் கருதப்படுவர்.'

அச்சுதன் அதை வீட்டுக்கு எடுத்துவந்து விஷாகாவிடம் நீட்டினான். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். “முப்பத்தெட்டு பேர் விஷாகா. நான் கையெழுத்துப் போட்டா பீரங்கி கப்பலேறிடும். அப்புறம் அதை நம்பிக்கிட்டு எங்க வேணா அனுப்புவாங்க அவங்களை.”

விஷாகா அந்த ஒற்றை வரியை இரண்டு முறை படித்தாள். ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி அதையும் படித்தாள். பிறகு விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து 'அனைவரும்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

“அனைவரும் பயிற்சி முடிச்சாத்தானே பொருத்தலாம்? இந்த முப்பத்தெட்டு பேரும் உண்மையா குதிக்கப்போறதில்லை. குதிச்சதா கருதப்படப் போறாங்க. அப்படிக் குதிக்கறதுல உங்களுக்கு என்ன முன் அனுபவம் இருக்கு? நீங்க உண்மையாவே குதிச்ச ஆளு. தகுதி இல்லாத பாடத்தை எப்படி எடுப்பீங்க? எழுதுங்க.”

அச்சுதன் எழுதினான். வாழ்க்கையில் அவன் எழுதிய அலுவலகக் கடிதங்களில் அதுதான் மிகப் பணிவானது. 'கருதப்படும் குதிப்பில் பயிற்சி அளிக்கத் எனக்குத் தகுதி இல்லை என்றும், அதற்கு உரிய கருதப்படும் பயிற்றுநர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும், அதுவரை முப்பத்தெட்டு பேருக்குப் பயிற்சி முடியவில்லை என்றே சான்றளிக்க வேண்டியிருக்கிறது என்றும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பத்து நாளில் சுப்புராமன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனான். சுப்புராமன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“இத்தனை வருஷத்துல நீங்க எழுதின உருப்படியான கடிதம் இது. யாருமே இந்தக் கோணத்துல யோசிக்கலை. இயக்குநரே தலைமையேற்று ஒரு குழு அமைச்சிருக்கார்.”

குழு, கருதப்படும் பயிற்றுநரின் கல்வித் தகுதியை வரையறுக்க ஒரு துணைக் குழுவை அமைத்தது. துணைக் குழு, அவர் நேரில் வர வேண்டுமா, வந்ததாகக் கொண்டால் போதுமா என்பதில் இரண்டாகப் பிரிந்தது. அச்சுதனின் அயற்பணியை வருடா வருடம் நீட்டித்தார்கள். மாதம் முதல் தேதி அவனிடம் சான்றிதழ் கேட்டு ஒரு கடிதம் வரும். 'முடியவில்லை' என்று எழுதி அன்றே அனுப்பிவிடுவான்.

புதிதாகச் செய்த அபயம் எண்ணெய் பூசி, தார்ப்பாய் போர்த்தி, மையத்துக் கொட்டகையில் நின்றது. அது ஏற வேண்டிய கப்பல், அது இல்லாமலே துறைமுகத்தை விட்டுப் போவதும் வருவதுமாக இருந்தது. ஆபத்தான பக்கம் போகும்போது, அபயம் இல்லையே என்பதால், துணைக்கு இன்னொரு கப்பலை அனுப்பினார்கள். எட்டத்திலிருந்தே ஏவுகணையைத் தடுக்கிற ஆயுதம் உள்ள கப்பல். கமாண்டர் தன் குறிப்பில் முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தது அதைத்தான்.

2006இல் ஏகாம்பரம் ஓய்வு பெற்றார். போகிற வழியில் புதுப்பட்டினத்தில் இறங்கி, மனைவியோடு அச்சுதன் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டார்.

“கடைசி நாளு வரைக்கும் எஞ்சின் ரூம்லதான் சார் இருந்தேன்,” என்றார். “ஏணி ஏறித்தான் மேல வந்தேன். நிதானமா.”